60 மடங்கு ஸ்கோப் வாங்கும் முன் கண்ணைக் காட்டுங்கள்

சென்ற கோடையில் எழுபதை நெருங்கும் ஒருவர் என் பரிசோதனை அறைக்கு வந்தார். 1000 கஜத்தில் இலக்கின் வளையங்கள் மங்கலாகத் தெரிவதாகவும், துப்பாக்கிமேல் பொருத்தியிருக்கும் ஸ்கோப்பை, அதாவது குறி பார்க்கும் தொலைநோக்கியை, விற்றுவிட்டு 60 மடங்கு பெருக்கம் கொண்டதை வாங்கப் போவதாகவும் சொன்னார். அதற்கு முன் கண்ணாடி பவர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றுதான் வந்திருந்தார். பவர் அவ்வளவாக மாறவில்லை. குறி பார்க்கும் வலது கண்ணில் கண்புரை வளர்ந்திருந்தது.

நான் கண் பரிசோதகன். வார இறுதிகளில் சுடுகிறவனும்கூட. இங்கிலாந்தில் சர்ரே பகுதியில் இருக்கும் பிஸ்லியில், 1890 முதல் போட்டிகள் நடக்கும் பழைய சுடுதளத்தில், எஃப்-கிளாஸ் சுடுகிறேன். அங்கே ஸ்டிக்கிள்டவுன் என்ற தளம் 1200 கஜம் வரை நீள்கிறது. குப்புறப் படுத்து, துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, ஸ்கோப் வழியாகச் சுடும் போட்டி என்பதால் வயதானவர்களும் நிறையப் பேர் வருகிறார்கள். அதனால்தான் இந்தச் சிக்கலை அடிக்கடி பார்க்கிறேன்: கண்ணில் இருக்கும் குறையைப் பணம் கொடுத்து ஸ்கோப்பில் சரிசெய்யப் பார்க்கிறோம்.

கண்புரை படங்களைச் சிறிதாக்குவதில்லை, வெளிறச் செய்கிறது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு குறைந்துபோகிறது. வெளிறிய படத்தைப் பெரிதாக்கினால் பெரிய வெளிறிய படம்தான் கிடைக்கும். போதாக்குறைக்கு, பெருக்கம் கூடும்போது ஸ்கோப் தரும் வெளிச்சமும் குறைகிறது. முன்பக்க லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் அதுதான். 56 மி.மீ. லென்ஸில் 25 மடங்கு என்றால் 2.2 மி.மீ. வரும். 55 மடங்கில் ஏறக்குறைய 1 மி.மீ. மட்டுமே. பகல் வெளிச்சத்தில் நம் கண்மணியின் துளையே 2 முதல் 4 மி.மீ. வரை இருக்கும். அத்தனை மெல்லிய ஒளிக்கற்றை கண்ணுக்குள் போகும்போது இன்னொன்றும் நடக்கிறது. சாதாரணமாகக் கவனத்துக்கே வராத, கண்ணுக்குள் மிதக்கும் தூசுகளின் நிழல்கள் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும். லென்ஸில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கானல். வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் சூட்டில் காற்று நெளிகிறது. 50 மடங்கில் பார்த்தால் இலக்கு கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் ஆடும். 25க்கு இறக்கினால் அதே ஆட்டம் சிறிதாகி, நடு எது என்று கண் முடிவுசெய்ய முடிகிறது. கானலை ஒழிக்கவும் கூடாது, ஏனென்றால் அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதே காற்றின் திசையைச் சொல்லும். கொடிகளைவிட வேகமாகவே சொல்லும்.

குண்டு துளைத்த ஓட்டையைப் பார்க்கத்தான் அதிகப் பெருக்கம் வேண்டும் என்பார்கள் சிலர். காற்றே அசையாத உலகில்கூட, 1000 கஜத்தில் 7.62 மி.மீ. ஓட்டையை நல்ல கண் பிரித்தறிய 35 மடங்காவது வேண்டும். ஆனால் பிஸ்லியில் அதற்குத் தேவையே இல்லை. ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு இலக்கைக் கீழே இறக்கி, குண்டு பட்ட இடத்தில் வட்டத் தகடு குத்தி மேலே ஏற்றுகிறார்கள். எனக்கு வேண்டியதெல்லாம் அந்தத் தகடும் வளையங்களும் தெரிவதுதான். அதற்கு 20 முதல் 30 மடங்கு போதும். 40 வரை போகும் ஸ்கோப் வைத்திருப்பதில் தவறில்லை, காலைக் குளிர்ச்சியில் உதவும். அதற்குமேல் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ரெடிகிள், அதாவது ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு, விஷயத்தில் கண்ணின் பங்கு இன்னும் அதிகம். எஃப்-கிளாஸ் சுடுபவர்கள் நடுவில் மிகச் சிறிய புள்ளி உள்ள ரெடிகிளையே விரும்புவார்கள். எம்ஓஏ என்பது கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 1/8 எம்ஓஏ புள்ளி 1000 கஜத்தில் 1.3 அங்குலத்தை மட்டும் மறைக்கும். இலக்கின் உள்வளையமோ 5 அங்குலம். கணக்குக்கு அருமை. ஆனால் இலக்கின் நடு கறுப்பு, புள்ளியும் கறுப்பு. கண்புரை தொடங்கியவருக்கு அந்தப் புள்ளி கறுப்பில் கரைந்துபோகும். சரி, ஒளிரும் புள்ளி வாங்கலாமா? உருளைப் பார்வைக் குறை (அஸ்டிக்மாடிசம்) இருந்தால் அது புள்ளியாகத் தெரியாது. வால் முளைத்த நட்சத்திரமாகச் சிதறும். இப்படிப்பட்ட கண்ணுக்குக் கொஞ்சம் தடித்த, நடுவில் இடைவெளி விட்ட குறுக்குக்கோடுதான் நல்லது.

ரெடிகிளின் பக்கவாட்டுக் குறிகளைப் பயன்படுத்தி, காற்று குண்டைத் தள்ளும் அளவுக்குக் குறியை ஒதுக்கிப் பிடிப்பவர்கள், அந்தக் குறிகள் எந்தப் பெருக்கத்தில் சரியானவை என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பெருக்கம் மாறினாலும் ரெடிகிள் அதே அளவில் தெரியும் எஸ்எஃப்பி வகையில் ஒரே ஒரு பெருக்கத்தில்தான் அளவு உண்மை. என் ஸ்கோப்பில் அது 40. ஒருநாள் கானலுக்காக 25க்கு இறக்கியிருந்தேன். பழக்கத்தில் இரண்டு எம்ஓஏ என்று நினைத்து இரண்டு குறி ஒதுக்கினேன். உண்மையில் அது 3.2. குண்டு 12 அங்குலத்துக்குமேல் தள்ளிப் போனது. எஃப்எஃப்பி என்ற இன்னொரு வகையில் கோடும் படமும் சேர்ந்தே பெரிதாவதால் இந்தத் தவறு நேராது. தூரம் மாறி மாறி, நேரம் வைத்துச் சுடும் போட்டிகளுக்கு அதுவே சரி. தூரம் தெரிந்த ஒரே இலக்குக்கு நான் எஸ்எஃப்பிதான் வைத்திருக்கிறேன், பெருக்க வளையத்தில் 40க்கு நேரே வெள்ளைக் கோடு போட்டு.

புதிதாக எதையும் வாங்கும் முன், ரெடிகிளைக் கண்ணுக்குக் கூர்மையாக்கும், ஸ்கோப்பின் கண்பக்க வளையத்தைச் சரிசெய்து பாருங்கள். துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றிவிட்டு, வெள்ளைச் சுவரைப் பார்த்து, இரண்டு நொடி மட்டும் கண் வையுங்கள். ரெடிகிள் உடனே கூர்மையாகத் தெரிய வேண்டும். உற்றுப் பார்த்தால் கண் தானே தன்னைச் சரிசெய்துகொண்டு ஏமாற்றும். இந்த வளையம் தூரப்பார்வை, கிட்டப்பார்வையை ஈடுகட்டும். உருளைப் பார்வையை ஈடுகட்டாது. அதற்குக் கண்ணாடி வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: படுத்துச் சுடும்போது மூக்கோரமாக, லென்ஸின் மேல்மூலை வழியாகப் பார்க்கிறோம். அங்கே பவர் சரியாக வேலை செய்யாது. லென்ஸைக் கண்ணுக்கு நேரே நகர்த்தும் சுடுகண்ணாடிச் சட்டங்கள் அதற்காகவே கிடைக்கின்றன. பரிசோதனைக்கு வரும்போது நீங்கள் சுடுபவர் என்று சொல்லுங்கள். எப்படித் தலை வைப்பீர்கள் என்று காட்டுங்கள்.

அந்தப் பெரியவர் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். உள்ளே வைக்கும் லென்ஸ் எந்தத் தூரத்துக்கு வேண்டும் என்று முன்கூட்டியே மருத்துவரிடம் பேசினார். துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும் என்பதையும் சொல்லி, அவர் அனுமதித்த பிறகே மறுபடி சுடப் போனார். பழைய ஸ்கோப்தான். புதுக் கண்ணுக்கு ஏற்றபடி கண்பக்க வளையத்தை மட்டும் திருப்ப வேண்டியிருந்தது.