செல்லை வாங்கி வைத்தால் புத்தகத்தை எடுப்பானா?

"ஸ்கூல் விட்டு வந்தா செல்லும் கையுமாத்தான் இருக்கான் டாக்டர். புத்தகத்தைத் தொடவே மாட்டேங்கிறான். நீங்களாவது சொல்லுங்க." என் கிளினிக்கில் மாலை நேரத்தில் அடிக்கடி கேட்கும் புகார் இது. அம்மா சொல்லி முடிப்பதற்குள் பையன் முகம் சுண்டிப்போகும்.

கண் மருத்துவர் என்ற முறையில் நான் முதலில் சொல்வது அம்மாக்களுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கண்ணுக்குச் செல், புத்தகம் இரண்டுமே கிட்டத்து வேலைதான். செல்லில் பாதிப்பு கூடுதல்: ஒரு சாண் தூரத்தில் பிடிப்பார்கள், சரியாக இமைக்கவும் மாட்டார்கள். ஆனால் செல்லைப் பிடுங்கிவிட்டு, அதே கட்டிலில் அதே மங்கல் வெளிச்சத்தில் கதைப்புத்தகத்தைக் கொடுத்தால் கண்ணுக்கு என்ன ஓய்வு?

இரண்டுக்கும் முன்னால் வேண்டியது பகல் வெளிச்சம். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வீட்டுக்குள் டியூப்லைட் தருவது சில நூறு லக்ஸ். வெளியே மர நிழலில்கூட பல ஆயிரம். கண்விழி அளவுக்கு மீறி நீள்வதால் வருவது கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது. வெளிச்சத்தில் ஓடியாடும் பிள்ளைகளுக்கு அது தள்ளிப்போகிறது. தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே விடச் சொன்னார்கள். ஏறிக்கொண்டே போன பார்வைக்குறைவு அதன்பின் இறங்கத் தொடங்கியது. நாமோ நாலரைக்கு வீடு திரும்பும் பிள்ளையை ஐந்துக்கு டியூஷனில் உட்கார வைக்கிறோம். எனக்குச் செல்லைவிட டியூஷன் மேல்தான் கோபம்!

சாப்பிட ஏதாவது கொடுத்துத் தெருவுக்கு அனுப்புங்கள். இருட்டியபின் புத்தகம், மேசையில், நல்ல விளக்கில், முழங்கையிலிருந்து முஷ்டி வரையான தூரத்தில். திரை அதற்கும் பிறகு, அதுவும் செல்லைவிடத் தள்ளி உட்கார்ந்து பார்க்கும் டிவி பரவாயில்லை. 2 முதல் 5 வயது வரை ஒரு மணி நேரம், 5 முதல் 10 வரை இரண்டு மணிக்குள் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வரம்பு. ஹோம்வொர்க்கே வாட்ஸ்அப்பில் வருகிறதா? நீங்கள் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளை கைக்குப் போனால் அது ஹோம்வொர்க்கோடு நிற்காது.

புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிற பிள்ளையைத் திட்டுவதற்கு முன் கண்ணைச் சோதித்துவிடுங்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். சுவரில் இருந்த எழுத்துகளை எப்படியோ சொல்லிவிட்டான். கையில் அட்டையைக் கொடுத்ததும் இரண்டு வரி தாண்டவில்லை. கண்ணைக் கசக்கினான், தலையைச் சாய்த்தான். "செல்லுல மட்டும் நல்லாப் படிக்கிறானே?" என்றார் அம்மா. பையன் பதில் பேசாமல் இரண்டு விரலையும் காற்றில் விரித்துக் காட்டினான். பெரிதாக்கிப் பார்க்கிறான்! சொட்டு மருந்து விட்டுப் பார்த்ததில் தூரப்பார்வையும் (கிட்டத்தில் பார்க்கச் சிரமம்) சிலிண்டர் பவரும் (கண்ணின் வளைவு சீராக இல்லாததால் வருவது) இருந்தன.

கண்ணாடி போட்ட அன்றே தடித்த புத்தகம் வேண்டாம். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தில் தரும் மெல்லிய கதைப்புத்தகங்கள் போலப் பெரிய எழுத்தும் படமுமாக இருக்கட்டும். நூலகத்துக்குக் கூட்டிப்போய் அவனையே எடுக்க விடுங்கள். கண்ணாடிக்குப் பிறகும் எழுத்து மாறியோ, வரி தவறியோ போனால், வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று சிறப்புக் கல்வியாளரிடம் காட்ட வேண்டும். கண்ணாடியால் அது தீராது.

போட்டால் பவர் ஏறும் என்று பாட்டி சொன்னாரென்று கண்ணாடியைப் பீரோவில் வைத்துவிடாதீர்கள். பவர் ஏறுவது கண் வளர்வதால். கிட்டப்பார்வை உள்ள பிள்ளையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டி வாருங்கள்.