ரெஸ்டோரேஷன்: மறுசீரமைப்பா, மீட்டெடுப்பா?

அழிஞ்சுபோன காடு, புல்வெளிய திரும்ப கொண்டுவர்ற வேலைக்கு 'ரெஸ்டோரேஷன்'னு பேரு, ஐநா சபையே 2021ல இருந்து 2030 வரைக்கும் இதுக்குன்னு ஒரு பத்தாண்ட ஒதுக்கியிருக்கு, தமிழ்ல இத பெரும்பாலும் 'சுற்றுச்சூழல் மறுசீரமைப்பு'ன்னு எழுதறாங்க. எனக்கு அந்த சொல்லு மனசுல ஒட்டவே மாட்டேங்குது.

மூலம் லத்தீன். 'ரெஸ்டௌராரே'ன்னா பழுதானத சரிபண்றது, புதுப்பிக்கறது. ரெஸ்டாரண்டும் அதே வேர்தான், முதல்ல அது கடையோட பேரே இல்ல, உடம்பு தேற குடிக்கிற சூப்போட பேரு. ஓவியம், பழைய கட்டடம்னு வந்தா முன்ன இருந்தபடியே ஆக்கறதுன்னு பொருள், ஆனா ஒரு காட்ட அப்படி பழைய தேதிக்கு திருப்ப முடியாதே. அதனாலதான் இந்தத் துறையோட சர்வதேச சங்கம் 2004ல கொடுத்த வரையறை, சிதைஞ்ச சூழல் மீண்டு வர்றதுக்கு உதவி பண்றதுன்னு சொல்லுது. மீள்றது இயற்கை, நம்மளுது உதவி மட்டுந்தான்.

இது தமிழ்ல ரொம்ப அழகா உக்காருது. நோயில இருந்து மீண்டான், அடகு வச்ச நகைய மீட்டான், ஒண்ணு தன்வினை இன்னொண்ணு பிறவினை, வேர் ஒண்ணுதான். 'மீட்டெடுப்பு'ன்னு சொல்லும்போது மீள்ற மண்ணும் மீட்கற மனுஷனும் சேந்தே வந்துடறாங்க. மறுசீரமைப்புன்னா கடன், நிர்வாகம் ஞாபகம்தான் வருது, வெளிய இருந்து ஒருத்தர் வந்து மாத்தி அடுக்கிட்டுப் போற மாதிரி.

மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கற நைஜர் நாட்டுல நடந்தது வேற மாதிரி. அங்க நட்ட கன்னுங்க பெரும்பாலும் பட்டுப்போச்சு, ஆனா வயல்ல வெட்டின மரங்களோட வேர்க்கட்டை மண்ணுக்குள்ள உயிரோடதான் இருந்துச்சு, 1980கள்ல டோனி ரினாடோங்கிற ஆஸ்திரேலியர் அத கவனிச்சார், விவசாயிங்க அதுல வர்ற துளிர எல்லாம் அழிக்காம நல்லதா சிலத விட்டு கவாத்து பண்ணி வளத்தாங்க, ஒருத்தர் வயல பாத்து இன்னொருத்தர் கத்துக்கிட்டு அப்படியே பரவி சுமார் 50 லட்சம் ஹெக்டேர்ல மரம் வந்துடுச்சு. பக்கத்து நாடான புர்கினா ஃபாசோவுல யகூபா சவடோகோன்னு ஒரு விவசாயி, காஞ்சு இறுகின நிலத்துல கோடையிலயே குழி வெட்டி எரு போட்டார், கரையான் வந்து மண்ண துளைச்சுது, மழைத்தண்ணி உள்ள இறங்குச்சு. குழி வெட்டறது அவங்க முன்னோர் முறைதான், அத அவர் மேம்படுத்தினார். அதோட நிறுத்தல, சுத்துப்பட்டு ஊர் விவசாயிங்கள தன் நிலத்துக்கு வரவச்சு விதையும் அனுபவமும் பரிமாறிக்க சந்தையே நடத்தினார்.

இப்படி ஊர்க்காரங்களே முன்ன நின்னு செய்யறதுக்கு ஆங்கிலத்துல இருக்கற சொல்ல அப்படியே பேத்து 'சமூகத் தலைமையிலான சுற்றுச்சூழல் மறுசீரமைப்பு'ன்னு எழுதினா நம்ம ஊர்க்காரங்களுக்கே புரியாது. 'ஊரார் முன்னின்று செய்யும் சூழல் மீட்டெடுப்பு'ன்னு எழுதலாம், சுருக்கமா வேணும்னா 'சூழல் மீட்பு' போதும்.