பதினெட்டு-ஒன்றா, பன்னிரண்டு-மூன்றா? சம்பள ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

ஊதிய உயர்வு எவ்வளவு என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் சங்கங்கள்கூட, அந்த ஒப்பந்தம் யாரைக் கட்டும் என்று கேட்பது அரிது.

நிர்வாகமும் சங்கமும் தாங்களே பேசி முடித்துக்கொள்வது 18(1). அரசின் சமரச அலுவலர் முன் பேச்சு நடந்து முடிவது 12(3). இவை 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் பிரிவு எண்கள். 2025 நவம்பர் 21 முதல் அந்த இடத்துக்குத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டாலும் வேறுபாடு அப்படியேதான் இருக்கிறது. முன்னது கையெழுத்திட்ட தரப்பை மட்டும் கட்டும். பின்னது ஆலையின் எல்லாத் தொழிலாளரையும், நாளை சேர்பவரையும் கட்டும். வெளியே பேசி முடித்துவிட்டு அலுவலரிடம் முத்திரை மட்டும் வாங்கினால் அது 12(3) ஆகாது. அவருடைய உதவியோடும் இசைவோடும் முடிந்திருக்க வேண்டும் என்று 1961-லேயே பாட்டா காலணி நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆள்பலம் இல்லாத தரப்போடு கையெழுத்திட்டால் தகராறு தீராது. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9-இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தின் நடுவே, நிர்வாகம் ஒரு தொழிலாளர் குழுவோடு உடன்பாடு கண்டது. போராட்டம் அதோடு ஓயவில்லை. மொத்தம் 37 நாள் நீடித்தது. இப்போதைய சட்டத்தில், பல சங்கங்கள் இருக்கும் ஆலையில் 51 விழுக்காடு தொழிலாளரைக் கொண்ட சங்கமே பேச்சு நடத்தும் ஒரே சங்கம். ஆகவே உறுப்பினர் பட்டியலைப் பேச்சுக்கு முன்பே சரிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்தது பணம். ‘மாதம் 6,000 ரூபாய் உயர்வு’ என்ற வரி போதாது, எந்தத் தலைப்பில் என்று எழுத வேண்டும். அது அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தால், கிராஜுவிட்டி (பணிக்கொடை) 15/26 கணக்கில், அதாவது மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து 15 நாள் சம்பளமாக, ஓராண்டுப் பணிக்கு 3,461 ரூபாய் கூடும். இருபது ஆண்டு பணிக்கு ஏறத்தாழ 69,000. வீட்டு வாடகைப்படியாகவோ பயணப்படியாகவோ பிரித்துக் கொடுத்தால் இதில் பெரும்பகுதி நழுவிவிடும். படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டும்போது, தாண்டிய தொகை மட்டும் ஊதியக் கணக்கில் வரும்.

உற்பத்தி இலக்குச் சரத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மின்தடை, இயந்திரப் பழுது, மூலப்பொருள் தட்டுப்பாடு ஆகியவற்றால் போகும் நேரத்தைக் கழித்தே இலக்கு கணக்கிடப்படும் என்று எழுதாவிட்டால், அந்த இழப்பு தொழிலாளி தலையில் விழும். சங்கத்துக்குப் பேரத்தில் கைகொடுப்பது உற்பத்திதான். அதைக் கணக்கில்லாமல் எழுதிக்கொடுப்பது என்ன பேரம்?

காலம் முடிந்த அன்றே ஒப்பந்தம் செத்துவிடாது. முடித்துக்கொள்வதாக எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து 60 நாள் ஆகும்வரை பழைய சரத்துகளே செல்லும். ஒப்பந்தம் நடப்பிலிருக்கையில், அதில் அடங்கிய விஷயத்துக்காக வேலைநிறுத்தம் செய்தால் சட்டவிரோதம். மற்றபடி வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால், அது முடிந்து 7 நாள் வரை இறங்க முடியாது. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் வேலைநிறுத்தமே. அறிவிப்பைக் கையில் கொடுத்தால், பெற்றதற்கான தேதியும் கையெழுத்தும் உள்ள நகலை அன்றே வாங்கிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.