பழைய மடிக்கணினிக்கு லினக்ஸ்: டிஸ்ட்ரோவின் பெயரைக் கேட்கும் முன்

"சார், இதுக்கு எந்த லினக்ஸ் போடலாம்?" என்று கேட்டுக்கொண்டுதான் பெரும்பாலானோர் பழைய மடிக்கணினியை என் மேசையில் வைக்கிறார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துபோன பிறகு இந்தக் கேள்வி இன்னும் அதிகமாகிவிட்டது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் லுபுண்டு, மின்ட், டெபியன் எனப் பல தொகுப்புகளாகக் கிடைக்கிறது; இவற்றைத்தான் டிஸ்ட்ரோ என்கிறோம். நான் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுவதில்லை. செயலி ஒரே வீச்சில் கையாளும் தரவின் அளவு 32 பிட்டா 64 பிட்டா, ரேம் எவ்வளவு, வன்தட்டு எந்த நிலையில் இருக்கிறது, அதில் என்ன வேலை செய்யப்போகிறார்கள் என்ற நான்கும் தெரியாமல் சொல்லப்படும் எந்தப் பெயரும் குருட்டு யோசனைதான்.

அண்மையில் ஓர் அம்மா, தம் மகளுக்கு 2012ஆம் ஆண்டு பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினியைக் கொண்டுவந்தார். 2 ஜிபி ரேம், சுழலும் வன்தட்டு, அடியில் 'விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்' என்ற ஒட்டுவில்லை. ஸ்டார்ட்டர் பதிப்பு 32 பிட்டில் மட்டுமே வந்தது. திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடாத பதிப்பு அது. அந்த ஒட்டுவில்லையைப் பார்த்த யாரோ ஒருவர் இயந்திரமே 32 பிட் என்று முடிவுகட்டி, லுபுண்டு 18.04இன் 32 பிட் பதிப்பை நிறுவிக் கொடுத்திருந்தார். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2021 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. உலாவியும் அதே காலத்தில் உறைந்து நிற்க, வங்கித் தளத்தில் நுழைய முடியவில்லை என்பதுதான் அவருடைய முறையீடு.

கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்தைத் திறந்து 'எல்எஸ்சிபியு' (lscpu) என்ற கட்டளையை இட்டேன். செயலி இயங்கும் முறைகளைக் காட்டும் வரியில் '32-பிட், 64-பிட்' என்று இரண்டும் இருந்தன. ஆக, அந்த இயந்திரம் தொடக்கம் முதலே 64 பிட் இயந்திரம்தான். அதன்மேல் போட்டிருந்த மென்பொருள்தான் 32 பிட். கோர் 2 டுவோ செயலிகள் தொட்டு அநேகமாக எல்லாமே 64 பிட்டை ஏற்பவை. உண்மையிலேயே 32 பிட்டோடு நின்றுவிட்டவை பென்டியம் எம், முதல் கோர் டுவோ, நெட்புக்குகளில் வந்த ஆட்டம் என்270 போன்றவை.

இந்த வேறுபாட்டில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 32 பிட் உலகம் ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டு வருகிறது. குரோம் 2016 மார்ச்சிலேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13ஐ 32 பிட் கணினியில் புதிதாக நிறுவ வழியில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸும் தன் 145ஆம் பதிப்போடு விலகிக்கொண்டது. எனவே, 64 பிட்டை ஏற்கும் இயந்திரத்தில் ரேமை மிச்சம் பிடிப்பதாக எண்ணி 32 பிட் பதிப்பைப் போடுவது, ஓரிரு ஆண்டில் மறுபடியும் என்னிடம் வருவதற்கான ஏற்பாடாகவே முடியும். வேறு வழியே இல்லாத இயந்திரங்களுக்கு, டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 என்ற எடை குறைந்த டிஸ்ட்ரோவின் 32 பிட் பதிப்பை நிறுவிக் கொடுக்கிறேன். தட்டச்சுக்கும் பாட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், வங்கி வேலைக்கு வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.

அடுத்தது ரேம். திரையில் சாளரங்களை மட்டும் நிர்வகிக்கும் ஐஸ்டபிள்யூஎம் சாளர மேலாளரோடு வரும் ஆன்டிஎக்ஸ், தொடங்கி நிற்கும்போது என் மேசையில் சுமார் 250 எம்பி எடுத்துக்கொள்கிறது. பட்டிகளும் படவுருக்களுமாக முழுத் திரைத் தோற்றத்தையும் தரும் எல்எக்ஸ்க்யூடி மேசைத்தளத்தைக் கொண்ட லுபுண்டு 500 எம்பிக்கு மேல். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் இணையத்தில் பெரிய வாதங்கள் நடக்கின்றன. ஆனால் உலாவியைத் திறந்து மின்னஞ்சல், யூடியூப், ஒரு செய்தித் தளம் ஆகிய மூன்று தாவல்களை வைத்துவிட்டால், அந்த மிச்சம் முழுவதையும் உலாவி விழுங்கிவிடுகிறது. எடை குறைந்த டிஸ்ட்ரோவால் இணையப் பக்கத்தின் எடையைக் குறைக்க முடியாது. 1 ஜிபி ரேம் உள்ளவருக்கு ஆன்டிஎக்ஸ் அல்லது பப்பி என்றும், 2 ஜிபி என்றால் லுபுண்டுவோடு, ரேமுக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம் வசதி என்றும், 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளம் கொண்ட லினக்ஸ் மின்ட்கூடத் தாங்கும் என்றும் நான் சொல்வது இந்தக் கணக்கில்தான்.

பலர் தவிர்க்கப் பார்க்கும் செலவு ஒன்று இருக்கிறது. சுழலும் வன்தட்டைக் கழற்றிவிட்டு சுழலும் பாகமே இல்லாத 120 ஜிபி எஸ்எஸ்டி போடுவதால் கிடைக்கும் வேகத்தை எந்த டிஸ்ட்ரோவாலும் தர முடியாது. வன்தட்டில் பழுதான பகுதிகள் இருக்கின்றனவா என்று, வன்தட்டு தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையையும், காற்றாடியில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் முதலில் பார்ப்பது நல்லது. மூன்று டிஸ்ட்ரோக்களை மாற்றி மாற்றிப் போட்டும் தேறவில்லை என்று வந்த ஓர் இயந்திரத்தில், செயலியின் மேல் சூட்டைக் கடத்துவதற்காகப் பூசியிருந்த வெப்பக்களிம்பு காய்ந்து பொடியாகியிருந்தது.

வன்தட்டை அழிப்பதற்கு முன் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கி ஒரு மணி நேரமாவது புழங்கிப் பாருங்கள். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். பிராட்காம் வைஃபை சில்லுகள் சிலவற்றுக்குத் அவற்றை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் தனியாக வேண்டியிருக்கும். நிறுவலுக்கான ஐஎஸ்ஓ கோப்பை அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே எடுத்து, கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் சரிபார்ப்புத் தொகையையும் ஒப்பிடுங்கள். 2016 பிப்ரவரியில் ஹேக்கர்கள் லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே புகுந்து, ரகசியமாக ஊடுருவ வழிவிடும் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள் என்பதால், தளத்தின் பெயரை மட்டும் நம்பிவிட வேண்டாம்.

தமிழ் தட்டச்சை ஐபஸ், எம்17என் ஆகிய உள்ளீட்டு மென்பொருள்கள் இரண்டையும் நிறுவித் தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் பெற்றுவிடலாம். சிக்கல் பழைய கோப்புகளில்தான். பாமினி, வானவில் போன்ற ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆவணங்கள் லிபர் ஆபிஸில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். கோப்பே கெட்டுவிட்டது என்று பதறுவார்கள். பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் அடைவிலிருந்து அந்த எழுத்துருவை, விண்டோஸை அழிப்பதற்கு முன்பே, எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு லினக்ஸில் நிறுவினால் போதும்.

அந்த அம்மாவின் இயந்திரத்தில் ரேமை 4 ஜிபியாக்கி, எஸ்எஸ்டி பொருத்தி, லுபுண்டுவின் 64 பிட் நீண்டகால ஆதரவுப் பதிப்பை நிறுவினேன். வங்கித் தளம் திறக்கிறது, சுய உதவிக் குழுவின் கணக்கையும் அதிலேயே எழுதுகிறார். வீட்டிலிருக்கும் பழைய லேசர் பிரிண்டரை மட்டும் எவ்வளவு முயன்றும் லினக்ஸில் இயங்கவைக்க முடியவில்லை. பிடிஎஃப் ஆக்கிப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குத்தான் போய்வருகிறார்.