வான்கோழி இறங்கியதும் காய் ஏறட்டும்: பண்டிகை நாள் ஓவன் காய்கறியில் நடக்கும் தவறுகள்

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழன், கனடாவில் அக்டோபரின் இரண்டாவது திங்கள். தேங்க்ஸ்கிவிங் (நன்றி நவிலும் நாள்) விருந்து என்றாலே எல்லாருடைய கவலையும் வான்கோழி மேல்தான். ஆனால் அன்றைக்குப் பெரும்பாலும் கெட்டுப்போவது அதன் பக்கத்தில் வைக்கும் காய்கறி. மேப்பிள் சிரப் (மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சிய பாகு) சேர்த்து ரோஸ்ட் செய்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கேரட், பிரஸல்ஸ் ஸ்ப்ரவுட் (குட்டி முட்டைக்கோஸ் போன்ற காய்) என்று ஆசையாகத் தொடங்குவார்கள். மேசைக்கு வரும்போது ஓரம் கருகி, நடு குழைந்து, கீழே தண்ணீர் கோத்து நிற்கும். அதே செய்முறை சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் நன்றாக வந்திருக்கும். பண்டிகையன்று மட்டும் சொதப்பக் காரணம், ஓவனில் இடமும் இல்லை, போதிய சூடும் இல்லை.

வான்கோழி வேகும் சூடு பொதுவாக 325 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 163 செல்சியஸ். மணிக்கணக்கில் உள்ளே இருந்து நீராவி விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஈரக் காற்றில் காய்த் தட்டையும் செருகினால் காய் வெந்துவிடும், சிவக்காது. காயின் மேல்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. பொன்னிறமும் வறுபட்ட மணமும் வேகமாகப் பிடிப்பது 140 டிகிரி வாக்கில். ஆகவே முதல் வேலை ஈரத்தை விரட்டுவது. அதற்கு 425 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும், அதாவது சுமார் 220 செல்சியஸ். விசிறி ஓடும் ஓவன் என்றால் 400 ஃபாரன்ஹீட் போதும்.

அந்தச் சூட்டுக்கு ஓவன் எப்போது கிடைக்கும்? வான்கோழியின் தொடையிலும் மார்பிலும் வெப்பமானி 165 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியதும் வெளியே எடுத்துவிடுகிறோம். வெட்டுவதற்கு முன் அது அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆறியாக வேண்டும். அந்த முக்கால் மணிதான் காய்க்கு உரிய நேரம். பண்டிகைச் சமையலில் இந்த ஒரு இடைவெளியைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எட்டுப் பேருக்கு அளவு இது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு 600 கிராம், கேரட் 400 கிராம், பிரஸல்ஸ் ஸ்ப்ரவுட் 400 கிராம், சிவப்பு வெங்காயம் நடுத்தர அளவில் இரண்டு. எண்ணெய் 4 மேசைக்கரண்டி, தூள் உப்பு 2 தேக்கரண்டி, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, ரோஸ்மேரி இரண்டு கொத்து. மேலே பூசும் பாகுக்கு மேப்பிள் சிரப் 3 மேசைக்கரண்டி, டிஜான் கடுகு விழுது 1 மேசைக்கரண்டி, ஆப்பிள் சிடர் வினிகர் 1 மேசைக்கரண்டி, வெண்ணெய் 20 கிராம், சில்லி ஃபிளேக்ஸ் அரைத் தேக்கரண்டி. விருப்பமானால் வறுத்த பெக்கான் பருப்பு ஒரு கைப்பிடி.

கடையில் ஒரு குழப்பம் வரும். அமெரிக்கக் கடைகளில் ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளியை 'யாம்' என்றும் எழுதி வைத்திருப்பார்கள். 1930களில் லூசியானா விவசாயிகள் தங்கள் ஆரஞ்சு ரகத்தை மற்றதிலிருந்து பிரித்துக் காட்ட வைத்த விற்பனைப் பெயர் அது. தாவரக் கணக்கில் அது யாமே இல்லை. அதே 'யாம்' என்ற சொல்லை இந்தியக் கடை உறைபெட்டியில் பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் சேனைக்கிழங்கு. இரண்டையும் மாற்றி வாங்கினால் இந்தப் பதார்த்தம் வராது. ஸ்ப்ரவுட் சிறியதாக, கையில் அழுத்தினால் கல் மாதிரி இருக்க வேண்டும். மஞ்சள் இலை தொங்கும் பெரிய உருண்டைகளைத் தவிர்க்கலாம். 'சின்ன வயதில் சாப்பிட்டேன், ஒரே கசப்பு' என்று ஒதுக்குகிறவர்களிடம் ஒன்று சொல்லலாம்: 1990களில் நெதர்லாந்தில் அந்தக் கசப்புக்குக் காரணமான சினிக்ரின், புரோகோய்ட்ரின் என்ற பொருள்களை அடையாளம் கண்ட பிறகு, அவை குறைவாக உள்ள பழைய ரகங்களைத் தேடியெடுத்துக் கலப்பினம் செய்தார்கள். இப்போது வருவது அன்றைய ஸ்ப்ரவுட் இல்லை.

வெட்டுவதில் கவனம் வேண்டியது கேரட்டில்தான். தலைப்பகுதி தடிமன், வால் மெல்லிசு. எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் வெட்டினால் வால் கரியாகும்போது தலை கடிக்க முடியாமல் இருக்கும். சாய்த்து வெட்டி, தடித்த பகுதியை மட்டும் நெடுக இரண்டாகப் பிளந்துவிடுங்கள். துண்டின் தடிமன் ஒன்றரை சென்டிமீட்டர். நீளம் எப்படி இருந்தாலும் பாதகமில்லை. சர்க்கரைவள்ளி இரண்டரை சென்டிமீட்டர் சதுரம். வெங்காயத்தை வேர்க்குடுமியோடு எட்டுப் பிளவாக வெட்டினால் இதழ் பிரியாமல் நிற்கும். ஸ்ப்ரவுட்டின் காம்பை மட்டும் மெல்லச் சீவி நெடுக இரண்டாக்குங்கள். உதிரும் இலைகளை எறிய வேண்டாம். தனியே எடுத்து வைத்துக் கடைசி எட்டு நிமிடத்தில் போட்டால் அப்பளம்போல் நொறுங்கும்.

முந்தின நாளே கேரட்டையும் ஸ்ப்ரவுட்டையும் வெட்டி டப்பாவில் மூடிக் குளிர்பெட்டியில் வைக்கலாம். சர்க்கரைவள்ளி கறுக்காமலிருக்கத் தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். எதுவானாலும் சமைப்பதற்கு முன் துணியில் பரப்பித் துடைத்து எடுங்கள். இந்த ஒரு வேலையைத் தவிர்த்தால் அடுத்து சொல்லும் எதுவும் பலிக்காது. இன்னொன்று: பச்சை வான்கோழியைக் கையாண்ட பலகையும் கத்தியும் காய்க்கு வேண்டாம்.

சர்க்கரைவள்ளியின் இனிப்பில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதிலுள்ள பீட்டா அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும். அது சுறுசுறுப்பாக வேலை செய்வது ஏறத்தாழ 57 முதல் 77 டிகிரி செல்சியஸ் வரை. நேரே 425இல் போட்டால் துண்டின் வெளிப்பகுதி இந்த எல்லையைச் சட்டென்று கடந்துவிடுகிறது, நொதிக்கு நேரமே கிடைப்பதில்லை. மெல்லச் சூடேற்றினால் சிரப் ஒரு துளி விடாமலே இனிப்பு கூடும். வான்கோழியின் குறைந்த சூடு இங்கே நமக்கு உதவும். கிழங்கையும் கேரட்டையும் பாதி எண்ணெய், பாதி உப்போடு பிரட்டி, ஒரே தட்டில் குவித்து, அலுமினியத் தாளால் இறுக மூடி, வான்கோழியின் கடைசி 20 நிமிடத்தில் காலியாக இருக்கும் அடுக்கில் செருகிவிடலாம். இது வேகும் கட்டம், நெருக்கமாக இருந்தால் தவறில்லை. வான்கோழி சமைக்காத வீட்டில் ஓவனை 325இல் வைத்து இதையே செய்யலாம்.

ஐந்து மணிக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். 3:55க்கு மூடிய தட்டு உள்ளே போகிறது. 4:15க்கு வான்கோழி, தட்டு இரண்டும் வெளியே. உடனே சூட்டை 425க்குத் திருப்பி, காலியான இரண்டு பெரிய பேக்கிங் தட்டுகளை உள்ளே வையுங்கள். ஓவன் 'பீப்' அடிப்பதை நம்பி உடனே திறக்க வேண்டாம். காற்று சூடாகியிருக்கும், சுவர் சூடாகியிருக்காது. வீட்டு ஓவன்களில் முள் காட்டுவதற்கும் உள்ளே இருப்பதற்கும் 25 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம் இருப்பது சகஜம். உள்ளே தொங்கவிடும் சிறு வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் பல கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்.

4:27 வாக்கில் சூடான தட்டில் காயைக் கொட்டுங்கள், 'ஸ்ஸ்' என்று சத்தம் வர வேண்டும். கிழங்கு, கேரட்டோடு மீதி எண்ணெயும் உப்பும் மிளகும் தடவிய ஸ்ப்ரவுட், வெங்காயம், ரோஸ்மேரி. மொத்தம் ஏறக்குறைய 1.6 கிலோ வரும். 45 க்கு 33 சென்டிமீட்டர் தட்டு ஒன்றில் 800 கிராமுக்கு மேல் போட வேண்டாம். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே தட்டு தெரிய வேண்டும். இரண்டு தட்டு கழுவச் சோம்பல்பட்டு எல்லாவற்றையும் ஒன்றில் அடைப்பதுதான் மிகவும் பரவலான தவறு, அடைத்தால் கிடைப்பது ரோஸ்ட் இல்லை, அவியல். ஸ்ப்ரவுட்டின் வெட்டிய முகம் தட்டில் படிந்திருக்கட்டும்.

தட்டில் பார்ச்மென்ட் காகிதம் விரிப்பதானால் பெட்டியில் எந்தச் சூடுவரை தாங்கும் என்று பாருங்கள். சிலது 425, சிலது 450. மெழுகுக் காகிதம் வேறு பொருள், ஓவனில் புகையும். மேலிருந்து நெருப்புக் காட்டும் பிராய்லரில் எந்தக் காகிதமும் கூடாது. எண்ணெய்க்கு சூரியகாந்தியோ அவகாடோவோ நல்லது. நல்லெண்ணெய் நமக்குப் பிடிக்கும், ஆனால் ரோஸ்மேரியும் அதுவும் ஒன்றுக்கொன்று சண்டை போடும். பூண்டு வேண்டுமானால் தோலோடு முழுப்பல்லாகப் போடுங்கள், நறுக்கிப் போட்டால் பத்து நிமிடத்தில் கருகிக் கசக்கும்.

முதல் 14 நிமிடம் தொடக் கூடாது. 4:41க்குத் திறந்து, மேல்தட்டைக் கீழேயும் கீழ்த்தட்டை மேலேயும் மாற்றி, தட்டையும் முன்பின் திருப்பி வையுங்கள். ஒரு துண்டைக் கரண்டியால் கிளப்பிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இன்னும் பொரியவில்லை, இரண்டு நிமிடம் கழித்து முயலுங்கள். வலுக்கட்டாயமாகச் சுரண்டினால் சிவந்த தோல் தட்டிலேயே தங்கிவிடும்.

இப்போதுதான் பாகு. தொடக்கத்திலேயே சிரப்பைக் கலப்பது கருகலுக்கு நேர்வழி. மேப்பிள் சிரப்பில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை, அது பெரும்பாலும் சுக்ரோஸ், 160 டிகிரி செல்சியஸ் வாக்கில் நிறம் மாறும். தேனில் அதிகம் இருப்பது ஃபிரக்டோஸ், அது சுமார் 110 டிகிரியிலேயே தொடங்கிவிடும். அதனால் சிரப்புக்குப் பதில் தேன் விட்டால் இரண்டு நிமிடம் முன்னதாக எடுக்க வேண்டும். சிரப், கடுகு விழுது, வெண்ணெய், சில்லி ஃபிளேக்ஸ் எல்லாவற்றையும் சிறு பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, நுரை பெரிய குமிழிலிருந்து சிறு குமிழாக மாறும்போது இறக்குங்கள். அதிரசப் பாகு காய்ச்சிப் பழகியவர்களுக்கு இந்தக் குமிழ் பாஷை தெரியும், ஆனால் கம்பிப் பதம்வரை போக வேண்டாம், கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலமாக ஒட்டினால் போதும். நீர்க்கவே ஊற்றினால் தட்டில் வழிந்து அடியில் கருகும். வினிகரை இறக்கிய பிறகு சேருங்கள், கொதித்தால் அதன் புளிப்புக் கூர்மை போய்விடும். 4:48க்குக் காய்மேல் பரவலாக ஊற்றி, உதிர்ந்த இலைகளையும் தூவி, 6 முதல் 8 நிமிடம். எடுத்ததும் ருசி பாருங்கள். இனிப்பு தூக்கலாகத் தெரிந்தால் குறைந்திருப்பது பெரும்பாலும் உப்போ புளிப்போதான்.

நிறத்தை எங்கே நிறுத்துவது? பொன்னிறத்திலும் இளம் பழுப்பிலும். மாவுச்சத்துள்ள கிழங்கு வகைகளை 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் வறுக்கும்போது அக்ரிலமைடு உருவாகும் என்று 2002இல் ஸ்வீடனில் கண்டறிந்தார்கள், நிறம் கறுக்கக் கறுக்க அளவு கூடும். பயப்பட வேண்டாம், கரிந்த துண்டைத் தட்டில் பரிமாறாமல் விட்டால் போதும்.

விருந்தாளிகளில் யார் யார் என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. 3 மேசைக்கரண்டி சிரப்பில் சர்க்கரை 40 கிராமுக்குள், எட்டாகப் பிரித்தால் ஆளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல். சர்க்கரை நோயாளிகள் கணக்கில் எடுக்க வேண்டியது அதைவிடக் கிழங்கைத்தான்: ஒருவர் பங்கில் மட்டும் 15 கிராம் வாக்கில் மாவுச்சத்து. அவர்களுக்கு ஸ்ப்ரவுட்டும் வெங்காயமும் கூட வையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் வழக்கமாகச் சாப்பிடாத ஸ்ப்ரவுட்டை அன்று திடீரென்று நிறையச் சாப்பிடக் கூடாது, அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. ஓவனில் சுட்ட தேனும் அதில் அடக்கம், பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் அந்தச் சூட்டில் சாவதில்லை. பெக்கானைக் காய்மேல் தூவாமல் தனிக் கிண்ணத்தில் தனிக் கரண்டியோடு வையுங்கள், பருப்பு ஒவ்வாமை உள்ளவர் வந்தால் எல்லாருக்கும் நிம்மதி.

இன்னொருவர் வீட்டுக்கு எடுத்துப் போவதானால் சூட்டோடு அலுமினியத் தாளால் இறுக மூட வேண்டாம், நீராவி உள்ளேயே தண்ணீராகி அத்தனை மொறுமொறுப்பையும் தின்றுவிடும். பாகு பூசுவதற்கு முன்பே எடுத்து, திறந்த தட்டில் ஆறவிட்டுக் கொண்டுபோய், அங்கே 425இல் பாகோடு எட்டு நிமிடம் வைப்பதே நல்லது. போகிற வழியும் காத்திருப்பும் சேர்த்து இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வெளியே வைத்த எந்தச் சமைத்த உணவுக்கும் அதுதான் வரம்பு. மிஞ்சினதை ஆழமில்லாத டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். மறுநாள் மைக்ரோவேவில் வைத்தால் குழைந்துவிடும். இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, வெட்டிய முகம் கீழே இருக்கும்படி பரப்பி, மூடாமல் நான்கு நிமிடம் விட்டால் பாகு மறுபடி பளபளக்கும்.