பழைய கிடாரின் கரகரப்பு

கிடாரை ஆம்ப்ளிஃபயரில் செருகி வால்யூம் குமிழைத் திருப்பினேன். இரும்புச் சட்டியில் மணலோடு கடலை வறுபடும் ஓசை கேட்டது. 2004க்குப் பிறகு அந்தக் கிடாரை நான் தொட்டதில்லை. கல்லூரி நாளில் வாங்கியது. வேலை, கல்யாணம், குழந்தை என்று ஆனபின் உறையைவிட்டு வெளியே வராமலே நான்கு வாடகை வீடுகளின் பரணைப் பார்த்துவிட்டது. உறையின் உள்பக்க ஸ்பாஞ்சு தொட்டதும் பொடிந்து கொட்டியது. கம்பியைத் தடவிய விரலில் துரு வாடை. "பழைய இரும்புக்காரர் வந்தால் போட்டுவிடலாமே" என்று வீட்டில் யோசனை சொன்னார்கள்.

போடவில்லை. இரண்டு வாரம் மாலை வேளைகளில் பிரித்துப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. காந்தம், செப்புச் சுருள், மரம் என்று கிடாரின் பெரிய சரக்கு எதற்கும் பெரிய சேதமில்லை. பழுதானவை பெரும்பாலும் ஒரு பொருள் இன்னொரு பொருளைத் தொடும் இடங்கள். தொடும் இடத்தில் படிந்த, கண்ணுக்கே தெரியாத ஒரு படலம்தான் இத்தனை கூச்சலையும் போட்டுக்கொண்டிருந்தது.

வால்யூம் குமிழிலிருந்தே தொடங்குகிறேன். அதன் அடியில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். ரேடியோ மெக்கானிக்குகளுக்கு வெறும் 'கண்ட்ரோல்'. தகர மூடியை நெம்பித் திறந்தால் குதிரை லாடம் போல் வளைந்த ஒரு கரிய பாதை தெரியும். அது கார்பன் பூச்சு. குமிழைத் திருப்பும்போது மெல்லிய உலோக விரல் ஒன்று அதன்மேல் நகர்கிறது. பாதையின் ஒரு முனையில் கிடாரின் மின்சமிக்ஞை, மறுமுனையில் எர்த். உலோக விரல் எந்த முனைக்கு நெருங்கி நிற்கிறது என்பதைப் பொறுத்து, சமிக்ஞையில் கூடுதலாகவோ குறைவாகவோ ஒரு பங்கு வெளியே போகும்.

ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்தால் அந்த விரலில் ஆக்சைடு படர்கிறது. பாதையில் தூசியும் பிசுக்கும் ஏறுகின்றன. இப்போது திருப்பினால் விரல் சீராக வழுக்காமல் தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு தாவலிலும் தொடர்பு அறுந்து மறுபடி ஒட்டுகிறது. அறுந்திருக்கும் நேரம் மிகமிகச் சிறியதுதான். ஆனால் ஆம்ப்ளிஃபயருக்கு இசை, இரைச்சல் என்ற பேதம் தெரியாது, வந்ததைப் பெருக்கும். நூற்றுக்கணக்கான அறுபடல்கள் அடுக்கடுக்காக வந்து காதில் கடலை வறுக்கின்றன. திருப்பும்போது மட்டும் கரகரத்து, கையை எடுத்ததும் அடங்கினால் சந்தேகமே வேண்டாம், குற்றவாளி இதுதான்.

மருந்து எளியது. காண்டாக்ட் கிளீனர் என்று டப்பாவில் வரும் திரவத்தைக் கண்ட்ரோலின் இடுக்கில் ஒருமுறை பீய்ச்சி, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக முப்பது முறை திருப்ப வேண்டும். திரவம் பிசுக்கைக் கரைக்கிறது. உராய்வு ஆக்சைடைச் சுரண்டுகிறது. துணி துவைப்பதில் சோப்பு பாதி, கசக்குவது பாதி. இங்கும் அதே கணக்கு. கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெயை மட்டும் இதில் விட்டுவிடாதீர்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும். பிறகு அந்த எண்ணெயே தூசியை அழைத்து உட்காரவைத்துக்கொள்ளும்.

எதற்கும் ஒரு புது கண்ட்ரோல் கைவசம் இருக்கட்டும் என்று, எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் கையிலிருந்த பில்லிலிருந்து தலை நிமிரவில்லை.

"எத்தனை கே சார்?" கே என்றால் கிலோ ஓம், மின்தடையின் அளவு.

"250."

"லாகா, லீனியரா?"

நான் விழித்ததைப் பார்த்து இப்போது நிமிர்ந்தார். "எதற்கு சார்?"

"கிடார் வால்யூமுக்கு."

"அப்படியென்றால் லாக்தான்" என்று முதுகில் 'ஏ250கே' என அச்சிட்ட ஒன்றை எடுத்து வைத்தார். அச்சில் 'பி' இருந்தால் லீனியர்.

அவர் கேட்ட கேள்விக்குப் பின்னால் நம் காதின் குணம் ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒலியின் திறனைப் பத்து மடங்கு ஆக்கினால் நம் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனதாகத்தான் தோன்றும். மின்தடை ஒரே சீராக ஏறும் லீனியர் கண்ட்ரோலைப் போட்டால் குமிழின் எண் பத்திலிருந்து ஐந்துவரை திருப்பியும் பெரிய மாற்றம் தெரியாது. கடைசிச் சிறு பகுதியில் சத்தம் திடீரெனச் சரியும். லாக் வகையில் பாதையின் மின்தடை ஒரே சீராக இருப்பதில்லை. குமிழ் நட்டநடுவில் நிற்கும்போது சமிக்ஞையில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடுதான் வெளியே போகும். காது அதைக் கேட்டுவிட்டு, "சீராகக் குறைகிறது" என்று திருப்தி அடைகிறது.

கேபிளைச் செருகும் ஜாக்கிலும் நோய் இதுவே. உள்ளே வளைந்து நிற்கும் உலோக நாக்கு பிளக்கின் நுனியை அழுத்திப் பிடிக்க வேண்டும். என்னுடையதில் நாக்கு கறுத்தும் தளர்ந்தும் இருந்தது. பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து லேசாக உள்நோக்கி வளைத்தேன். ஐந்து நிமிட வேலை. இது தெரியாமல் பழைய நாளில் மூன்று கேபிள் மாற்றியிருக்கிறேன்.

கரகரப்பு போனதும் அதற்குள் பதுங்கியிருந்த உறுமல் தெளிவாகக் கேட்டது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. உறுமலின் அடிப்படைச் சுருதியும் அதே 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 60 என்பதால் அங்கே கிடார்கள் கொஞ்சம் மேல் சுருதியில் உறுமும். வழக்கமாக, கிடார் கம்பியில் கை வைத்ததும் உறுமல் குறைய வேண்டும். கம்பிகள், அவற்றின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு இணைந்திருப்பதால், கம்பியைத் தொட்டவுடன் நம் உடலும் எர்த் ஆகிவிடுகிறது. தொடாதபோது சுவர் வயரிங்கின் மின்புலத்தை வாங்கிக் கிடாருக்குத் தள்ளிவிடும் இடைத்தரகர் நாம்தான். என் கிடாரில் தொட்டும் குறையவில்லை. பிரிட்ஜைக் கழற்றினால் அடியில் அந்த எர்த் வயர் பச்சை பூத்து, ஒட்டு விட்டு, சும்மா கிடந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி பற்றவைத்தேன். சால்டர் ஈயம் 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். இளகினால் மட்டும் போதாது. பற்றவைக்கும் உலோகமும் அதே அளவு சூடேறினால்தான் ஈயம் பரவி ஒட்டும். இல்லையென்றால் மேலே முத்துப்போல் உட்கார்ந்து ஏமாற்றும். அதைத்தான் மெக்கானிக்குகள் 'டிரை சால்டர்' என்கிறார்கள்.

கம்பிகள் எர்த்தோடு இணைந்திருப்பதால் ஓர் ஆபத்தும் உண்டு. பழைய ஆம்ப்ளிஃபயரில் இரண்டு முள் பிளக் இருந்து, உள்ளே எங்காவது மின்சாரம் கசிந்தால், அது கேபிள் வழியாக வாசிப்பவரின் விரலுக்கே வரும். முதல் வேலையாக மூன்று முள் பிளக்கும் சரியான எர்த்தும் போட்டுவிட வேண்டும்.

கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்பைப் பற்றித்தான் அதிகம் பயந்தேன். அதற்குத்தான் ஒன்றும் ஆகவில்லை. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் அதன் முழு ரகசியம். கம்பிக்குக் கீழே ஒரு காந்தம். காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஏறக்குறைய எட்டாயிரம் சுற்று. எஃகுக் கம்பி காந்தத்தின் அருகில் தானும் காந்தமாகிறது. அது அதிரும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப்புலம் மாறி, சுருளில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. நைலான் கம்பியைப் போட்டால் இந்த வித்தை நடக்காது. சோதிக்க ஸ்க்ரூடிரைவர் போதும்: அதன் நுனியால் பிக்கப்பின் தலையை மெல்லத் தட்டினால் ஒலிபெருக்கியில் 'டக்' என்று கேட்க வேண்டும். கேட்டது. மல்டிமீட்டர் ஆறு கிலோ ஓம் காட்டியது. சுருளில் எங்கும் அறுபடவில்லை.

ஒற்றைச் சுருள் என்பதால் சுற்றிலுமுள்ள டிரான்ஸ்ஃபார்மர்களின் காந்த உறுமலையும் அது கொஞ்சம் வாங்கத்தான் செய்யும். கிடார் தயாரிக்கும் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் பிக்கப் இதற்கு அழகான விடை. அதில் சுருள்கள் இரண்டு. அவற்றின் சுற்றும் எதிரெதிர், காந்தமும் எதிரெதிர். கம்பியின் அதிர்வு இரண்டிலும் சேர்ந்து கூடுகிறது. வெளியிலிருந்து வரும் உறுமல் ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது.

கம்பிகளைக் காப்பாற்ற வழியே இல்லை. மீட்டிய கம்பி முழு நீளத்தில் மட்டும் அதிர்வதில்லை; பாதியாக, மூன்றில் ஒன்றாக, நான்கில் ஒன்றாகவும் ஒரே நேரத்தில் அதிர்கிறது. புதுக் கம்பியின் மணியோசை அந்த மேல் அதிர்வுகளால் வருவது. தடித்த கம்பிகளில் உள் எஃகின்மேல் இன்னொரு கம்பி சுற்றப்பட்டிருக்கும். அந்தச் சுற்றுகளின் இடுக்கில் வியர்வையும் அழுக்கும் துருவும் இறங்கினால் ஒவ்வொரு அசைவும் உராய்ந்து வெப்பமாக வீணாகும். அதிகம் அடிபடுவது நொடிக்கு ஆயிரக்கணக்கில் அதிரும் மேல் அதிர்வுகள்தான். மிஞ்சுவது 'தொம்' என்ற அடிச்சத்தம். அழுக்கு ஒரே சீராகப் படிவதில்லை என்பதால் கம்பியின் எடையும் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. திறந்த கம்பியில் சேர்ந்த சுருதி 12ஆவது ஃபிரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த 12ஆவது உலோக மெட்டில், சேராது. சுருதி காட்டும் ட்யூனரைத் திட்டுவதில் பயனில்லை.

புதுக் கம்பி பூட்டும்போதுதான் கழுத்து எவ்வளவு பாரம் சுமக்கிறது என்ற நினைப்பே வந்தது. 648 மில்லிமீட்டர் நீளமுள்ள, கால் மில்லிமீட்டர் தடிமன் எஃகுக் கம்பி நொடிக்கு 330 முறை அதிர வேண்டுமானால் அதை ஏழு கிலோவுக்கு மேல் இழுத்துக் கட்ட வேண்டும். ஆறு கம்பிக்கும் சேர்த்து ஏறக்குறைய 45 கிலோ. கம்பியைத் தளர்த்தாமல் பரணில் போட்டது என் தவறு. இருபது கோடையின் சூட்டில் மரம் அந்த இழுப்புக்கு மெல்ல இணங்கி முன்னால் வளைந்துவிட்டது. இதைத் திருத்தக் கழுத்துக்குள் ஓர் எஃகுத் தண்டு இருக்கிறது. கிப்சனில் பணிபுரிந்த தாடியஸ் மெக்யூ 1923இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. திருகாணியை இறுக்கினால் தண்டு கழுத்தைப் பின்னோக்கி இழுக்கும். கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திக்கொண்டு பார்த்தால், நடுவில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். கம்பி நடுவில்தான் அகலமாக ஆடும். அந்த இடம் கொடுக்காவிட்டால் ஃபிரெட்டில் இடித்துச் சலசலக்கும். ஒரு நாளைக்குக் கால் சுற்று வீதம் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். வீணை என்றால் மெழுகை இளக்கி மெட்டுகளை மறுபடி பதித்துக்கொள்ளலாம். கிடாரின் ஃபிரெட்டுகள் மரத்தில் அறைந்தவை. கழுத்தைத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆம்ப்ளிஃபயரில் கதை தலைகீழ். இதுவரை படலம் எதிரி. மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் படலம்தான் உயிர். அலுமினியத் தகடு இரண்டு, நடுவே மின்பகு திரவத்தில் ஊறிய காகிதம், எல்லாவற்றையும் பாயாகச் சுருட்டியிருப்பார்கள். ஒரு தகட்டின்மேல் வளர்த்த அலுமினிய ஆக்சைடுதான் மின்காப்பு. ஒரு வோல்ட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை நானோமீட்டர் தடிமன். இதன் வேலை மாடித் தொட்டியின் வேலை. மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் சீராக வருகிறதல்லவா, அதுபோல நொடிக்கு 100 முறை எழுந்து விழும் மின்சாரத்தை வாங்கிச் சமமாக்கித் தருகிறது. வருடங்கள் போனால் திரவம் உலர்ந்து தொட்டி சுருங்குகிறது. 100 ஹெர்ட்ஸ் உறுமல் வெளியே கசிகிறது. கிடாரின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் உறுமினால் ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகிக்கலாம்.

மின்சாரமே படாமல் கிடந்தால் அந்த ஆக்சைடும் பலவீனமாகிறது. அதனால் பழையதை நேரே சுவரில் செருகக் கூடாது. எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் நூறு வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்த தன் சீரிஸ் போர்டைக் கொண்டுவந்தார். உள்ளே ஷார்ட் என்றால் பல்பு முழுதாக எரியும், ஆம்ப்ளிஃபயர் பிழைக்கும். எங்களுடையது ஒருமுறை பளிச்சிட்டு மங்கியது. "நல்ல பிள்ளை" என்றார். வீங்கியிருந்த இரண்டு கெப்பாசிட்டரையும் மாற்றினோம். இது டிரான்ஸிஸ்டர் வகை என்பதால் துணிந்தேன். வால்வு ஆம்ப்ளிஃபயரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நூறு வோல்ட் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கலாம். பழகியவர் தவிர யாரும் அதைத் திறக்க வேண்டாம்.

கடைசியில் என் கை. விரல் நுனியில் முன்பு காய்த்திருந்த தோல் போயே போய்விட்டது. அழுத்தமும் உராய்வும் பட்டால்தான் மேல்தோலின் கெரட்டின் அடுக்கு தடிக்கும். படாவிட்டால் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். பத்து நிமிடத்துக்கு மேல் வாசிக்க முடியவில்லை. ஆனால் கை எதையும் மறக்கவில்லை. பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி மீட்டும் 'எஃப்' என்ற சுரக்கூட்டு (கார்டு) எப்படி என்று மகள் கேட்டாள். எந்த விரல் எந்தக் கம்பியில் என்று வாயால் சொல்லத் தெரியாமல் தடுமாறினேன். கழுத்தில் கையை வைத்ததும் விரல்கள் தாமாகப் போய் உட்கார்ந்தன. சொல்லும் நினைவும் செய்யும் நினைவும் மூளையில் வேறுவேறு. 1962இல் பிரெண்டா மில்னர் எழுதிய ஆய்வில், புதிய நினைவுகளைச் சேர்க்க இயலாத எச்.எம். என்ற நோயாளி, கண்ணாடியில் தெரியும் நட்சத்திரத்தைப் பார்த்தபடி வரையப் பழகினார். முந்தைய நாள் பழகியது அவருக்கு நினைவே இல்லை. கோடு மட்டும் நாளுக்கு நாள் சீரானது. செய்கைப் பழக்கத்தைத் தாங்குபவை சிறுமூளையும் மூளையின் அடிப்பகுதிக் கணுக்களும்.

ஆறு வாரம் ஆகிறது. தோல் தடித்துவிட்டது, அரை மணி நேரம் தாங்குகிறது. ஒலியின் கூர்மையைக் குறைக்கும் டோன் குமிழ் மட்டும் ஏழாம் எண்ணுக்கும் எட்டுக்கும் நடுவில் இன்னும் கடலை வறுக்கிறது. திறந்து பார்த்தேன்: அந்த இடத்தில் கார்பனே தேய்ந்து கோடு விழுந்திருக்கிறது, இனி எந்தத் திரவமும் பலிக்காது. சிக்கனம் பார்த்து அன்று ஒன்றே ஒன்று வாங்கினேன், அது வால்யூமுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை மறுபடி ரிச்சி தெரு. 250 கே, லாக்.