மண்சரிவு என்று தேடினால் எது முதலில் வரும்?

கேரளத்து வயநாட்டில் 2024 ஜூலை 30ஆம் திகதி நடந்ததைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் ‘நிலச்சரிவு’ என்று எழுதின. இலங்கையின் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி நடந்ததை இலங்கைத் தமிழரான நாம் ‘மண்சரிவு’ என்கிறோம். மலை இறங்குவது இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் எந்தச் சொல்லைத் தட்டுகிறோமோ, அதைப் பொறுத்து தேடற்பொறி கேரளத்தையோ பதுளையையோ முன்னால் கொண்டுவருகிறது. நாம் பேசும் சொல்லையே எழுதுவதுதான் செலவில்லாத முதல் வடிகட்டி.

கூகுள் போன்ற தேடற்பொறி, நாம் கேட்ட பிறகு இணையம் முழுவதையும் புரட்டிப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு மாபெரும் சொல்லடைவு தயாரித்து வைத்திருக்கிறது. அகப்பட்ட பக்கங்களில் எது மேலே என்பதை முடிவு செய்ய, 1998இல் லாரி பேஜும் செர்ஜி பிரினும் ஒரு கணக்கை முன்வைத்தார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு இணைப்புகளைத் தொட்டுத் தொட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 85 முறை இணைப்பைப் பின்பற்றுகிறார், 15 முறை எங்காவது தாவுகிறார். அவர் அடிக்கடி போய்ச் சேரும் பக்கத்துக்கு மதிப்பு அதிகம். இன்று இதனுடன் வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துவிட்டன. இருந்தாலும் இவை பெரும்பாலும் செல்வாக்கையும் பொருத்தத்தையும் அளப்பவை. எழுதியது உண்மையா என்று யாரும் மலைக்கு வந்து பார்ப்பதில்லை.

ஆங்கிலத்தில் ஒரு கேள்விக்கு இலட்சம் பக்கங்கள் போட்டியிடும். பதுளை மாவட்டத்துப் பசறையைப் பற்றித் தமிழில் கேட்டால் போட்டியே இல்லை. ஆகவே பெரிய தளமொன்றின் பழைய, மேலோட்டமான செய்தி எளிதாக முதலிடத்தில் குந்திவிடும்.

எழுத்துக் குறியீட்டிலும் சிக்கல் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய அறிக்கைகள் நம் கண்ணுக்குத்தான் தமிழ். ‘அம்மா’ என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடில் தேடினால் அந்த ஆவணம் எப்படி அகப்படும்? யூனிகோடுக்குள்ளேயும் ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாக எழுதலாம்: ஸகரத்தைக் கொண்டு ஒன்று, பின்னால் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டு இன்னொன்று. திரையில் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. ஸ்ரீ பாதம் பற்றித் தேடி ஒன்றும் வராவிட்டால் விசைப்பலகையை மாற்றித் தட்டிப் பாருங்கள். ஹட்டன், அட்டன் இரண்டையும் தேடுங்கள். தோட்டங்களுக்கோ நிர்வாகம் வைத்த பெயர் ஒன்று, ஆட்கள் கூப்பிடும் பெயர் ஒன்று. மண்சரிவு எச்சரிக்கையைத் தேடும்போது இரண்டையும் விட்டுவிட்டு பிரதேச செயலகப் பிரிவின் பெயரைக் கொடுப்பதே மேல். அறிவித்தல்கள் அந்தப் பெயரில்தான் வரும்.

அந்த அறிவித்தலை வெளியிடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். தேடலை அரச தளங்களுக்குள் மட்டும் நிறுத்த, உங்கள் சொற்களுக்குப் பின் ‘சைட்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் இட்டு, இடைவெளி விடாமல் ‘கவ் டொட் எல்கே’ என்பதை ஆங்கிலத்தில் சேர்க்க வேண்டும். முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விழுந்தால் கட்டளை வேலை செய்யாது. பலர் தவறுவது இங்கேதான். பிறகு தேடற் கருவிகளில் ‘கடந்த 24 மணிநேரம்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

அதோடு விட்டுவிடக் கூடாது. முடிவுப் பட்டியலில் தெரியும் திகதி, பக்கத்தைக் கடைசியாகத் திருத்திய திகதியாகவும் இருக்கலாம். அறிவித்தலைத் திறந்து, எந்த நாள் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை செல்லும் என்பதை உள்ளேயே பாருங்கள். மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்கவேண்டும், செம்மஞ்சள் என்றால் தயாராக இருக்கவேண்டும், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். மழைக் கணக்கும் கைகொடுக்கும்: 24 மணிநேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்பவை இந்த மூன்று படிகளுக்கும் பொதுவாகக் கொள்ளப்படும் எல்லைகள். 40 மில்லிமீற்றர் பெய்த நாளில் ‘சிவப்பு’ என்று ஒரு பதிவு சுற்றினால் முதலில் அதன் திகதியைத்தான் சரிபார்க்க வேண்டும்.

பத்துத் தளங்கள் ஒரே செய்தியைச் சொல்வதால் பத்துச் சாட்சிகள் ஆகிவிடாது. அதில் வரும் வித்தியாசமான வாக்கியம் ஒன்றை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால், எழுத்துப் பிழை உட்பட அப்படியே பிரதி எடுத்திருப்பது தெரியும். எல்லாம் சேர்ந்து ஒரு சாட்சிதான். படங்களைக் கூகுள் லென்ஸில் போட்டால் முன்பு எங்கே வெளிவந்தன என்பது பெரும்பாலும் அகப்படும். முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு தரும் சுருக்கத்தை அவசர வேளையில் நம்பாமல் இருப்பதே நல்லது. பழைய செய்தியின் வரியையும் இன்றைய வரியையும் ஒரே பந்தியில் தைத்துவிடும்.

லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால் மேட்டில் புதிதாக வெடிப்பு விழுந்தால், ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கி வந்தால், மின்கம்பம் சாய்ந்தால் தேடலே வேண்டாம். முதலில் வெளியேறுங்கள், பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.